அப்பாவின் டிரங்குப் பெட்டிக்கு ஒரு விலைப்பட்டியல்

2023 டிசம்பர் 4ஆம் தேதி காலை. மிக்ஜாம் புயல் மழையின் தண்ணீர் மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் முழங்காலைத் தொட்டிருந்தது. அம்மா முதலில் தூக்கச் சொன்னது கட்டிலுக்கு அடியில் இருந்த பச்சை டிரங்குப் பெட்டியைத்தான். எல்லாம் சேர்த்து ஒன்பது கிலோ இருக்கும். நாற்காலி மேல் ஏறிப் பரணில் அதைத் தள்ளிவிட்டுத் திரும்புவதற்குள் ஃபிரிட்ஜின் மோட்டார் மூழ்கிவிட்டது.

பத்து நாள் கழித்து இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தார். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், மெத்தை என்று வரிசையாகக் குறித்துக்கொண்டார். கிளம்பும்போது, "வேறு விலை உயர்ந்த பொருள் ஏதாவது இருக்கிறதா அம்மா?" என்று கேட்டார். அம்மா பரணைக் காட்டினார்.

"என்ன அது?"

"காசு."

அவர் சிரித்துவிட்டார். "காசுக்கெல்லாம் பாலிசியில் இடம் கிடையாது அம்மா."

அன்றிரவு பாலிசியை முதன்முறையாக முழுதும் படித்தேன். எங்களுடையது 2021 ஏப்ரலில் வந்த பாரத் கிருஹ ரக்ஷா. எந்த நிறுவனத்திடம் வாங்கினாலும் ஒரே வாசகம்தான். விலக்குகள் பட்டியலில் ஒரு நீண்ட வரி இருக்கிறது: தங்க வெள்ளிக் கட்டிகள், பதிக்காத ரத்தினக் கற்கள், கையெழுத்துப் பிரதிகள், வரைபடங்கள், பத்திரங்கள், நாணயம், காகிதப் பணம், காசோலை, வாகனம், வெடிமருந்து ஆகியவற்றுக்கு இழப்பீடு இல்லை, பாலிசியிலேயே வெளிப்படையாகச் சேர்த்து எழுதியிருந்தால் ஒழிய. சர்வேயர் சொன்னது சரி. ஆனால் அந்த "ஒழிய" என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு ஒரு வருடம் சும்மா இருந்தேன். 2025 ஜனவரியில், பொங்கல் விடுமுறையில்தான் பெட்டியைத் திறந்தேன்.

அப்பா பல்லவன் போக்குவரத்துக் கழகத்தில் கண்டக்டர். 29சி வண்டியில் பல வருடம் போனவர். டிப்போவில் வசூலைக் கட்டுவதற்கு முன் தோல்பையைக் கிளறிப் பார்ப்பார். பிடித்த காசு தென்பட்டால் தன் பையிலிருந்து அதே மதிப்புக்கு வேறு காசைப் போட்டுவிட்டு அதை எடுத்துக்கொள்வார். தாமரைப் படம் போட்ட 20 பைசா மட்டும் முப்பத்தொன்று சேர்த்திருக்கிறார். அதில் தங்கம் கலந்திருக்கிறது என்று அந்தக் காலத்தில் ஒரு நம்பிக்கை. மஞ்சள் நிறம் தவிர அதில் தங்கத்தின் சம்பந்தம் ஒன்றும் இல்லை. வெள்ளிக் காசுகளையும் கிழக்கிந்தியக் கம்பெனிக் காசுகளையும் மூர் மார்க்கெட்டில் வாங்கினார். 1985இல் மார்க்கெட் எரிந்த பிறகு வாங்குவதும் ஏறக்குறைய நின்றுவிட்டது. எல்லாவற்றுக்கும் ஒரு நோட்டு இருக்கிறது. ட்ரிப் ஷீட்டின் பின்பக்கத் தாள்களை ஊசி நூலால் தைத்த நோட்டு. காசு, வருடம், கிடைத்த இடம், கொடுத்த விலை. 2019இல் அவர் போனபின் யாரும் அதைப் புரட்டியதில்லை.

முதல் அதிர்ச்சி ஆல்பம்தான். எழுபது எண்பதுகளின் மெத்தென்ற பிளாஸ்டிக் உறைகள். விரலில் பிசுபிசுப்பு ஒட்டியது. செப்புக் காசுகளின் மேல் பச்சையாக ஒரு மெழுகுப் படலம். முதலில் களிம்பு என்றுதான் நினைத்தேன். களிம்பு காய்ந்து பொடியாக இருக்கும். இது ஈரப்பசையோடு வழுக்கியது. பிவிசி உறை நாள்பட்டால் சிதைந்து அதிலிருந்து கசிவது இப்படித்தான் படியும். சென்னை வெக்கையும் ஈரமும் அதற்குக் கேட்கவா வேண்டும். அசிட்டோனில் இது கரையும், உலோகத்துக்கு ஒன்றும் ஆகாது. நெயில் பாலிஷ் அழிக்கும் திரவத்தை வாங்கிவிடக் கூடாது, அதில் நிறமும் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். பாரிமுனையில் ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் அரை லிட்டர் சுத்த அசிட்டோன் வாங்கினேன். கண்ணாடிக் கிண்ணம், மொட்டைமாடி, பக்கத்தில் நெருப்பு கிடையாது. பத்து நிமிடம் ஊறவைத்து, எடுத்து, இன்னொரு கிண்ணத்தில் அலசி, துணி மேல் வைத்தால் தானே காய்ந்துவிடும். தேய்க்கவே கூடாது. அறுபத்திரண்டு காசுகளுக்கு இதைச் செய்தேன். ஒன்பதில் பச்சை ஏற்கெனவே உலோகத்தைத் தின்று குழி விட்டிருந்தது. அதற்கு மருந்து இல்லை.

இரண்டாவது அதிர்ச்சி அம்மா. மாடிக்கு வந்து பார்த்தவர், "இதற்கா இவ்வளவு பாடு? போன ஆயுத பூஜைக்கு நான் பத்துப் பதினைந்து காசைப் புளி போட்டுத் தேய்த்து வைத்தேனே, எப்படிப் பளபளவென்று இருக்கிறது பார்" என்றார். பார்த்தேன். புதிதாகப் பிறந்த குழந்தை போல இளஞ்சிவப்பாக மின்னின. அதில் இரண்டு, ராஜராஜ சோழன் காலத்துச் செப்புக் காசுகள். ஒருபக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவமும் நாகரியில் "ஸ்ரீ ராஜராஜ" என்ற எழுத்தும். ஆயிரம் வருடம் ஏறிய கரும்பழுப்பு, எலுமிச்சை அளவு புளியில் போய்விட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை. பூஜை அறைக் குத்துவிளக்குக்கு நடக்கும் மரியாதைதான் அவற்றுக்கும் நடந்திருக்கிறது. ஆனால் சேகரிப்பாளர்கள் தேய்த்த காசைத் தொட மாட்டார்கள், தொட்டாலும் பாதி விலைதான் என்பது பின்னால் உறுதியானது.

அடுத்தது பட்டியல். 412 காசுகள். 0.01 கிராம் வரை காட்டும் சிறிய தராசு, விட்டம் அளக்க வெர்னியர், ஒரு காந்தம், பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ். இவை போதும். ஒவ்வொரு காசுக்கும் ஒரு எண், எடை, விட்டம், இருபக்கப் படம். படத்துக்கு மொபைல் போதும். ஜன்னல் ஓரம் பகல் வெளிச்சத்தில், சாம்பல் அட்டை மேல் வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழுமாறு எடுத்தால் எழுத்து எழும்பித் தெரியும். ஃபிளாஷ் போட்டால் வெள்ளி வெறும் வெள்ளையாகிவிடும். முதல் நாற்பது காசுகளை ஃபிளாஷ் போட்டு எடுத்து, மறுபடி எடுத்தேன்.

வெள்ளி ரூபாய்கள் 71. 1835 முதல் ஒரே சீரான எடை: 180 கிரெய்ன், அதாவது ஒரு தோலா, 11.66 கிராம். வெள்ளி 91.7 சதவீதம். தேய்ந்தவை 11.4, 11.5 என்று நிற்கும். 1940 முதல் போர்க்காலத்தில் வெள்ளியைப் பாதியாக்கிவிட்டார்கள். எடையில் வித்தியாசம் தெரியாது. விளிம்பைப் பார்க்க வேண்டும். பழையதில் வெறும் வரிகள். பாதி வெள்ளியில் அந்த வரிகளுக்கு நடுவே ஒரு பள்ளம் சுற்றி ஓடும். 1947இல் வெள்ளியே போய் நிக்கல் வந்தது. புலி படம் போட்ட அந்த ரூபாய் காந்தத்தில் டக்கென்று ஒட்டும். அப்பா அதைக் காட்டித்தான் சிறுவயதில் எங்களுக்கு வித்தை காட்டுவார்.

காந்தம் போலியைக் காட்டாது, பித்தளையும் ஈயமும்கூட ஒட்டாது. அதற்குத்தான் ஆர்க்கிமிடீஸ். நான் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. ஆண்டுதோறும் ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்குச் சொல்வதை ஒரு முறையாவது சொந்தக் காரியத்துக்குச் செய்தேன். தராசின் மேல் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்து, அளவைச் சுழியமாக்க வேண்டும். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியைத் தொடாமல், முழுதும் மூழ்கும்படி தொங்கவிட வேண்டும். தராசு இப்போது காட்டுவது காசு இடம்பெயர்த்த தண்ணீரின் எடை. காற்றில் 11.62, தண்ணீரில் 1.13. வகுத்தால் 10.28. இந்தக் கலவை வெள்ளிக்கு 10.3ஐ ஒட்டி வர வேண்டும், வந்தது. பெரியப்பா கொடுத்ததாக நோட்டில் இருந்த 1840 விக்டோரியா ரூபாயில் 10.90க்கு 1.26. வகுத்தால் 8.65. பித்தளையின் ஜாதி, மேலே வெள்ளி முலாம். இன்னொரு உறையில் ராமர் பட்டாபிஷேகம் ஒருபக்கம், "கிழக்கிந்தியக் கம்பெனி 1818" என்று மறுபக்கம் போட்ட மூன்று செப்புக் காசுகள். கம்பெனி அப்படி ஒன்றை அடித்ததே இல்லை. இவற்றை வைத்துத்தான் அரிசியை இழுக்கும் காசு, இரிடியம் கலந்த காசு என்று ஊர் ஊராக மோசடி நடக்கிறது. அப்பா நோட்டில் அவற்றுக்கு நேரே ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருந்தார்.

நோட்டின் பதினேழாம் பக்கத்தில் ஒரே ஒரு வரி மட்டும் சிவப்பு மையில் இருந்தது. "1939 ரூபாய். மூர் மார்க்கெட். ரூ. 40. யாரிடமும் சொல்லவில்லை."

ஆறாம் ஜார்ஜ் மன்னரின் 1939 ரூபாய் மிக அரிது. பிரிட்டிஷ் இந்திய ரூபாய்களில் ஆளைக் கிறங்கடிக்கும் காசு அது. ஏலங்களில் லட்சங்களில் போகும். கை நடுங்க எடைபோட்டேன். 11.64. தண்ணீரில் 1.13. வகுத்தால் 10.30. விளிம்பில் பள்ளம் இல்லை. எல்லாம் சரி. அன்றிரவே நியூஜெர்சியில் இருக்கும் தம்பியைக் கூப்பிட்டேன்.

"அக்கா, அங்கே யாரிடமும் கொடுக்காதே. யாராவது வரும்போது இங்கே கொடுத்து அனுப்பு. தரம் பார்த்து பிளாஸ்டிக்கில் சீல் வைத்துத் தரும் நிறுவனங்கள் இங்கே இருக்கின்றன" என்றான்.

யோசனை நல்லதுதான், ஆனால் வயது நூறைத் தொட்ட நாணயம் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. 1939க்கு இன்னும் நூறு ஆகவில்லை, ஆனால் பெட்டியில் பாதிக்கு மேல் ஆகிவிட்டது. விமான நிலையத்தில் எது எந்த வருடம் என்று அதிகாரியிடம் விளக்கிக்கொண்டு நிற்க எனக்குத் தெம்பில்லை. வேறொரு சட்டமும் இருக்கிறது: மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த, பத்து ரூபாய்க்கு மேல் பெறும் எதையும் கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். அப்பாவின் சோழக் காசுகளுக்கு நேரே "கும்பகோணம், பாத்திரக்கடை, ரூ. 3" என்று இருந்தது. அந்த மூன்று ரூபாய்க் கணக்கை அவர் எழுதி வைத்ததற்கு நன்றி சொல்லிக்கொண்டேன்.

மதிப்பீடு என்று கிளம்பியதும்தான் உண்மையான சிக்கல். வருமான வரித் துறையில் பதிவுபெற்ற மதிப்பீட்டாளர்கள் இருக்கிறார்கள். செல்வ வரி போய்விட்டாலும் அந்தச் சட்டத்தின்கீழ் வந்த பதிவு மட்டும் அப்போதும் நின்றது. தி.நகரில் நகை மதிப்பீடு செய்யும் ஒருவரிடம் போனேன். மரியாதையான பெரியவர். வெள்ளிக் காசுகள் 96ஐயும் ஒரே தட்டில் கொட்டினார். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. "966 கிராம். தரம் சராசரியாக இவ்வளவு. இன்றைய விலைக்கு 78,400 ரூபாய். சான்றிதழ் இப்போதே எழுதித் தருகிறேன் அம்மா."

"ஐயா, இதில் 1911 ரூபாய் ஒன்று இருக்கிறது. அதற்குத் தனி விலை உண்டே?"

"வெள்ளி வெள்ளிதானே அம்மா?"

அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் தப்பில்லை. அவருடைய முத்திரைக்கு இன்சூரன்ஸில் மதிப்பு உண்டு, காசைப் பற்றி அவருக்குத் தெரியாது. சவுகார்பேட்டையில் நாணயம் விற்கும் கடைக்காரருக்குக் காசைப் பற்றி எல்லாம் தெரியும், அவரிடம் முத்திரை கிடையாது. இந்த இரண்டையும் ஒரே தாளில் சேர்ப்பதற்குத்தான் அடுத்த இரண்டு மாதம் போனது.

முதலில் போன நாணயக் கடையில், ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டே "மொத்தமாக ஒன்றே கால் லட்சம் தருகிறேன், இப்போதே எடுத்துக்கொள்கிறேன்" என்றார்கள். அது அவர்கள் வாங்கும் விலை. எனக்கு வேண்டியது, நாளைக்கு வெள்ளத்தில் போனால் அதே காசைத் திரும்ப வாங்க எவ்வளவு ஆகும் என்பது. இரண்டுக்கும் நடுவே பாதிக்குப் பாதி இடைவெளி இருக்கும். வாங்க ஆசைப்படுகிறவரிடம் விலை கேட்பது, மாட்டை விற்கப் போகிற சந்தையில் தரகனிடமே பல்லைப் பார்க்கச் சொல்வது போல. இரண்டாவது கடையில் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன்: விற்பனைக்கு இல்லை, மதிப்பீட்டுக்குக் கூலி தருகிறேன், சதவீதக் கணக்கு வேண்டாம், நாள் கணக்கு. இரண்டு நாளுக்கு 6,000 ரூபாய். தங்கசாலைத் தெருவை ஒட்டிய சந்தில் அந்தக் கடை. கம்பெனி நாணயசாலை இருந்ததால்தான் தெருவுக்கே அந்தப் பெயர்.

அவர் கைவேலையைப் பார்ப்பதே ஒரு படிப்பு. காசை விளிம்பில் மட்டுமே பிடிப்பார். முதலில் சாய்த்துப் பார்ப்பார். சுழலும் பளபளப்பு இருந்தால் புழங்காதது, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி மின்னினால் தேய்த்தது. பிறகு மேடான இடங்கள்: விக்டோரியா காசில் காதுக்கு மேலுள்ள முடி, ஐந்தாம் ஜார்ஜில் கிரீடத்தின் முத்துகள். 1911 ரூபாயை எடுத்ததும் முகம் மலர்ந்தது. மன்னரின் மார்புச் சங்கிலியில் தொங்கும் யானை அந்த ஆண்டு அச்சில் துதிக்கை குட்டையாகப் பன்றி போலத் தெரிந்ததால், முஸ்லிம்கள் மனம் புண்படும் என்று எதிர்ப்புக் கிளம்ப, அதைத் திரும்பப் பெற்று உருக்கினார்கள். 1912இல் யானையைத் திருத்தினார்கள். தப்பியவற்றில் ஒன்று ஒரு கண்டக்டரின் பையில் வந்து விழுந்திருக்கிறது. 5,500 என்று எழுதினார். நகை மதிப்பீட்டாளர் தட்டில் அதன் பங்கு தொள்ளாயிரத்துச் சொச்சம்.

கம்பெனியின் பத்துக் காசுச் செப்பு நாணயம் ஒன்று, 1808ஆம் வருடத்தது. பர்மிங்ஹாமில் சோஹோ ஆலையில் சென்னை ராஜதானிக்காக அடித்தது. இந்த வருடக் காசு நல்ல நிலையில், மலிவாக, எக்கச்சக்கமாகக் கிடைக்கும். காரணம், இவற்றை ஏற்றி வந்த அட்மிரல் கார்டனர் என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையிலேயே மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1985இல் தோண்டி எடுத்தபோது லட்சக்கணக்கில் வந்தன. கடைக்காரர் அப்பாவின் காசை விரலால் தடவினார். எழுத்து பாதி மழுங்கியிருந்தது. "இது கடலில் கிடந்ததில்லை மேடம். ஊருக்குள் புழங்கியது." நோட்டும் அதையே சொன்னது: வாங்கியது 1976. கப்பல் காசு வெளியே வருவதற்கு ஒன்பது வருடம் முன்பு. விலை என்னவோ கப்பல் காசைவிடக் குறைவுதான். 250 ரூபாய்.

அதற்குப் பக்கத்து உறையில் இருந்த கறுத்த வெள்ளிக் காசை நான் ஏதோ கோயில் டாலர் என்று நினைத்துக் கடைசியில் வைத்திருந்தேன். ஒருபக்கம் கோபுரம், சுற்றி நட்சத்திரங்கள், மறுபக்கம் பெருமாள். ஆங்கிலம், பாரசீகம், தமிழ், தெலுங்கு என நான்கு எழுத்திலும் பெயர். கால் வராகன். கம்பெனி சென்னையில் அடித்தது. ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு என்பது அன்றைய வாய்ப்பாடு; ஆக இந்த ஒன்று 840 காசு பெறும், பக்கத்து உறையிலிருந்த பத்துக் காசில் 84. பன்னிரண்டு மணி இடத்தில் விளிம்பில் ஒரு சின்னப் புடைப்பு. லென்ஸில் பார்த்தால் பற்றவைத்த தடம். யாரோ வளையம் வைத்து மாலையில் கோத்திருக்கிறார்கள். "இந்தத் தடம் இல்லாவிட்டால் வேறு விலை" என்று சொல்லி 9,000 எழுதினார்.

1939ஐக் கடைசிக்கு வைத்திருந்தேன். வேண்டுமென்றேதான். அவர் அதை எடுத்துத் தேதியை மட்டும் லென்ஸில் பார்த்தார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. லென்ஸை என்னிடம் நீட்டினார்.

"கடைசி எண்ணைப் பாருங்கள். அதைச் சுற்றியுள்ள தரையை மற்ற மூன்று எண்களின் தரையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்."

முதல் மூன்று எண்களைச் சுற்றி வெள்ளி ஒரே சீரான சாம்பல் நிறத்தில் இருந்தது. கடைசி எண்ணின் இடப்பக்கத்தில் மட்டும் அரிசி முனை அளவுக்கு ஒரு திட்டு வழவழவென்று, லேசான குழியாக. அதில் ஒரே திசையில் மயிரிழைக் கீறல்கள். ஒன்பதின் வால், உட்புறமாகச் சட்டென்று முறிந்து நின்றது. எட்டு. எட்டின் கீழ்வட்டத்தில் இடப்பக்கத்தைச் சீவி எடுத்துவிட்டார்கள். 1938 ரூபாய் சாதாரணமாகக் கிடைக்கும். எடையும் வெள்ளியும் சரியாக வந்ததில் வியப்பில்லை; காசு உண்மை, தேதிதான் பொய். என் ஆர்க்கிமிடீஸுக்கு அதைப் பிடிக்க வழியே இல்லை.

"எல்லா வருடமும் இரண்டு மூன்று பேர் இதைக் கொண்டுவருகிறார்கள் மேடம்" என்று சொல்லிவிட்டு டீ வரச் சொன்னார். நான் குடித்தேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னபோது அவர் கேட்டது வேறு. "எந்த வருடம் வாங்கினாராம்?"

"1978."

"நாற்பது ரூபாயா? அந்த வருடம்தான் தம்பிக்கு டைபாய்டு. பணம் இல்லை என்று என் வளையலை அடகு வைத்தோம்."

பிறகு சாப்பிடும்வரை பேசவில்லை.

மொத்தம் 2,64,500 ரூபாய் வந்தது. 500 ரூபாய்க்கு மேல் பெறுபவை மட்டும் தனித்தனி வரிகள். மீதமுள்ள இருநூற்றுச் சொச்சம் சில்லறையைப் பதினொரு தொகுப்பாக்கினோம். கடைக்காரர் தம் ஜிஎஸ்டி எண் போட்ட தாளில் அடையாளம், நிலை, விலை எழுதிக் கையெழுத்திட்டார். அதை எடுத்துக்கொண்டு தி.நகர்ப் பெரியவரிடம் திரும்பிப் போனேன். "நீங்கள் எடையும் உலோகமும் மட்டும் சொல்லுங்கள் ஐயா, மற்றதற்கு இணைப்பைப் பார்க்கவும் என்று ஒரு வரி எழுதுங்கள்" என்று கேட்டேன். யோசித்தார், எழுதினார். இந்த முறை கொட்டவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

இன்சூரன்ஸ் அலுவலகத்தோடு ஏழு மின்னஞ்சல்கள். அவர்களுடைய குழப்பம் நியாயமானதுதான்: விலக்குப் பட்டியலில் "நாணயம்" இருக்கிறது, விலையுயர்ந்த பொருட்களுக்கான கூடுதல் பாதுகாப்பில் ஓவியம், வெள்ளிப் பாத்திரம், பழம்பொருள் எல்லாம் இருக்கின்றன. என் பெட்டி எந்தப் பக்கம்? முதல் பதிலில் பழம்பொருள் என்று போட்டுவிடலாம் என்றார்கள். நான் மறுத்தேன். 1940களின் பாதி வெள்ளி ரூபாயைப் பழம்பொருள் என்று எழுதிவிட்டு, இழப்பு வரும் நாளில் அது பழம்பொருளா நாணயமா என்று வழக்காட முடியாது. கடைசியில் பாலிசியோடு ஒட்டிய இணைப்பில் வந்த வாசகம்: "சேகரிப்பாக வைத்துள்ள நாணயங்கள், இணைத்துள்ள பட்டியல்படி, ஒப்புக்கொண்ட மதிப்பில் வெளிப்படையாகச் சேர்க்கப்படுகின்றன." இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அத்தனையும்.

இதில் ஒரு வேடிக்கை. ஐந்தாவது மின்னஞ்சலில் தெரிந்தது: இந்தக் கூடுதல் பாதுகாப்பில் மொத்தம் 5 லட்சத்துக்குள்ளும் எந்தத் தனிப் பொருளும் 1 லட்சத்துக்குள்ளும் இருந்தால் மதிப்பீட்டுச் சான்றிதழே கட்டாயமில்லை. அந்த 1939 உண்மையாக இருந்திருந்தால்தான் தேவைப்பட்டிருக்கும். ஆனாலும் பட்டியல் இல்லாமல் அவர்கள் எதை வெளிப்படையாகச் சேர்த்திருப்பார்கள்? வந்த பிரீமியம், மதிப்பீட்டுக்கு நான் செலவழித்ததைவிடக் குறைவு.

இரண்டு ஓட்டைகளை அடைக்க வேண்டியிருந்தது. ஒன்று திருட்டு. இந்தப் பாலிசி, வெள்ளம் தீ போன்ற விபத்து நடந்து ஏழு நாளுக்குள், அதன் காரணமாக நடக்கும் திருட்டுக்குத்தான் பொறுப்பேற்கும். சாதாரணமாகப் பூட்டை உடைத்து எடுத்துப் போனால் அதற்குத் தனிப் பாலிசி. அதிலும் உடைத்த அடையாளம் வேண்டும். வீட்டுக்கு வந்தவர் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனால் கிடையாது. மற்றொன்று லாக்கர். தம்பி, வங்கியில் வைத்துவிட்டால் கவலை இல்லை என்றான். ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி, தீயிலோ திருட்டிலோ ஊழியர் மோசடியிலோ போனால் வங்கி தருவது அதிகபட்சம் ஆண்டு வாடகையின் நூறு மடங்கு. இயற்கைச் சீற்றத்துக்குப் பொறுப்பே இல்லை. எனக்குப் பயம் வெள்ளம்தான். ஆகவே மாடியில் இயங்கும் ஒரு கிளையில் லாக்கர் எடுத்து, நல்ல காசுகள் பதினான்கை மட்டும் அங்கே வைத்தேன். எது எங்கே இருக்கிறது என்பதையும் இணைப்பில் எழுதவைத்தேன். மீதி, பிவிசி இல்லாத புது உறைகளில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு அதே பச்சைப் பெட்டியில். பெட்டி இப்போது பரணிலேயே.

அந்த ஆண்டு தீபாவளிக்குள் வெள்ளி விலை ஏறக்குறைய இருமடங்காகிவிட்டது. மார்ச்சில் போட்ட மதிப்பில், தேய்ந்த சாதாரண ரூபாய்கள் வெறும் உலோக விலையை எட்டிப்பிடித்துக்கொண்டிருந்தன. ஒப்புக்கொண்ட மதிப்பு என்றால் தாளில் உள்ளதுதான் கிடைக்கும். புதுப்பிக்கும்போது வெள்ளிப் பகுதியை மட்டும் திருத்தித் தரச் சொல்லிப் பெரியவரிடம் மறுபடி போனேன். கடைக்காரரின் பகுதியை மூன்று வருடத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்று நினைக்கிறேன்.

நோட்டையும் பட்டியலில் சேர்க்க முடியுமா என்று கேட்டுப் பார்த்தேன். கையெழுத்துப் பிரதி, அதே விலக்கு வரியில் நாணயத்துக்கு முன்னால் இருக்கிறது. விலை என்ன போடுவது என்று அவர்களும் கேட்டார்கள், எனக்கும் தெரியவில்லை. 84 பக்கங்களையும் ஸ்கேன் செய்து தம்பிக்கு அனுப்பினேன். பதினேழாம் பக்கத்துச் சிவப்பு மை வரியைப் பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை. பட்டியலில் அந்தக் காசு 203ஆம் எண்: "1938 ரூபாய், தேதி திருத்தப்பட்டது, 1,100." அதை லாக்கருக்குக் கொண்டுபோகும் பதினான்கில் ஒன்றாக வைக்கச் சொன்னது அம்மா. மற்ற பதின்மூன்றும்தான் விலைப்படி.